காலேஜில் சேர்த்துவிட்டால் போதுமா?

(பாம்பனில் மாணவர்களும், பெற்றோர்களும், காலேஜ் ஆசிரியர்கள் சிலரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படிப்பதற்காக ஒரு நாளும் காலேஜ் வாசற்படியை மிதித்திராத என்னை, காலேஜ் மாணவர்களைப் பற்றிப் பேசும்படி இந்த ஊர்த் தோழர்கள் அழைத்திருக்கிறார்கள். (சிரிப்பு) இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஏறிப் போகிறவனைவிட, பஸ் நிற்காமல் போனதைப் பார்த்துக்கொண்டு ரோட்டில் நின்றவனுக்குத்தான் அது எங்கே நிற்கவேண்டும் என்பது நன்றாகத் தெரியும். அந்த யோக்கியதை ஒன்றைக் கொண்டுதான் நான் பேச வந்திருக்கிறேன். நான் சொல்வது உங்கள் புத்திக்குப் பொருந்தாவிட்டால் வீட்டுக்குப் போய் முணுமுணுக்காமல் இங்கேயே எழுந்து கேளுங்கள். வயதில் சிறியவர்கள் கேட்டாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜுக்குப் போகிற பிள்ளைகளுக்கு உதவியாகச் சர்வகலாசாலை ஒரு திட்டம் போட்டால் அதை எப்படி நடத்துவது என்பதுதான் இங்குள்ள ஆசிரியத் தோழர்கள் என்னிடம் கேட்டது. அதற்கு நேராகப் பதில் சொல்வதற்கு முன் இந்தத் தீவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

2023-ஆம் வருஷம். தகப்பனார் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். தாயார் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கி, கரைக்கு அப்பால் ஒரு காலேஜில் கணக்குப் பாடம் எடுத்துச் சேர்ந்தான். அந்தக் குடியிருப்பில் அது ஒரு திருவிழா மாதிரி இருந்தது. ஆனால் ஒரு வருஷம் முடிவதற்குள் படிப்பை விட்டுவிட்டுத் தகப்பனாரோடு போட்டில் ஏறிவிட்டான். நான் வீட்டுக்குப் போய் விசாரித்தேன். அந்த அம்மாள், "அண்ணே, அவன் தலையில படிப்பு எழுதலை. ஏழரைச் சனி புடிச்சிருக்காம். சோசியர் கட்டத்தைப் பாத்துச் சொல்லிட்டாரு" என்றார்கள். சோசியருக்கும், பரிகாரத்துக்கும், தீர்த்தமாடியதற்கும் சேர்த்து 1,800 ரூபாய் செலவாம். அதிலும் கடன் பாதி.

பையனைத் தனியே கூப்பிட்டு, "சனி எந்த மாதத்தில் பிடித்தது?" என்று கேட்டேன். (சிரிப்பு) அவன் சிரிக்கவில்லை. "நவம்பர்ல, மாமா" என்றான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பாம்பன் இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றுபோய், புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கும் வரையில் இந்தத் தீவுக்கு இரயில் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அவனுக்கு இருந்தது பஸ் ஒன்றுதான். அமாவாசை வந்தால் அந்தப் பஸ்ஸில் யாத்திரைக்காரர்கள் போக மாணவனுக்கு இடம் இல்லை. முதல் மணி வகுப்புப் பல நாள் போயிற்று. வாத்தியார் இங்கிலீஷில் நடத்தினார். கணக்கு இவனுக்குப் புரிந்தது. கணக்கைச் சுற்றியிருந்த பாஷைதான் புரியவில்லை. நவம்பரில் பரீட்சைப் பணம் கட்ட வேண்டிய வாரம் புயல் எச்சரிக்கை. படகு போகவில்லை. அபராதத்தோடு கட்டும் நாளில்தான் பணம் கிடைத்தது. இரண்டு பாடத்தில் தோற்றான். தோற்றதும் புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டான்.

இதில் கடைசிச் சங்கதிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இரண்டு பாடத்தில் தோற்றால் அடுத்த தடவை அவற்றை எழுதிக்கொள்ளலாம், அதற்காக மேல் வகுப்புக்குப் போவது நிற்காது என்கிற விதி அவனுக்குத் தெரியாது! வீட்டில் சொல்ல ஆளில்லை. தெருவில் சொல்ல ஆளில்லை. காலேஜில் சொல்லவேண்டியவர்களுக்கு இப்படி ஒரு பையன் இருந்தான், போனான் என்பதே தெரியாது. பள்ளிக்கூடத்தில் "பெயில்" என்றால் என்ன அர்த்தமோ அதுவே காலேஜிலும் என்று எண்ணிக்கொண்டு, அவன் தன் படிப்பைத் தானே முடித்துக்கொண்டான். இரண்டு பாடத்தைத் திரும்ப எழுதுவதற்குக் கட்டவேண்டிய தொகை சோசியருக்கும் தீர்த்தத்துக்கும் போனதில் பாதிகூட இராது.

சனி என்ற ஒன்று இருக்கிறதென்றே வைத்துக்கொள்ளுங்கள். அது பட்டதாரி வீட்டுப் பிள்ளையை மட்டும் ஏன் பிடிப்பதில்லை? அவனும் பெயிலாகிறான். அவனும் முதல் மணி வகுப்புக்குப் போகாமல் தூங்குகிறான். ஆனால் அவனுடைய சித்தப்பா காலேஜ் ஆபீசுக்கு ஒரு போன் போட்டவுடன் சனி இறங்கிவிடுகிறது! (சிரிப்பும் கைதட்டலும்) ஆகவே இது கிரகத்தின் வேலையல்ல. வீட்டில் ஒரு சித்தப்பா இல்லாத குறை. சர்வகலாசாலைத் திட்டம் என்றால் அது அந்தச் சித்தப்பா வேலையைச் செய்யவேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயத்தின் சாரம். மற்றதெல்லாம் இதற்கு விவரந்தான்.

இந்தத் தலைவிதிப் பேச்சு இங்கே மூன்று மதத்திலும் இருக்கிறது. ஒரு வீட்டில் தீர்த்தம், ஒரு வீட்டில் தாயத்து, ஒரு வீட்டில் மெழுகுவத்தி. நான் ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல வரவில்லை. இராமேசுவரம் கோவிலில் 22 தீர்த்தம் இருக்கிறது. இந்தியா முழுவதிலுமிருந்து ஜனங்கள் வந்து தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கோவிலுக்கு அடுத்த தெருவிலேயே பிறந்து, தினம் அந்தத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பரீட்சையின் விதியைச் சொல்லித்தர அது உதவவில்லை. தண்ணீர்மேல் குற்றமில்லை. அது தண்ணீர், அதனால் குளிக்க முடியும், அவ்வளவுதான்.

நிற்க. காலேஜ் படிப்பு நம்மவர்களுக்கு எப்படி வந்தது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைச் சர்வகலாசாலை 1857-இல் ஏற்பட்டது. அதன் பிறகு ஐம்பது, அறுபது வருஷ காலம் பட்டம் வாங்கினவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்ப்பனர்களாகவே இருந்தார்கள். இதைப் பகிரங்கமாக எடுத்துக்காட்டித்தான் 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. 1921-இல் நீதிக்கட்சி மந்திரிகள் காலத்தில் வகுப்புவாரி உத்தரவு பிறந்தது. உத்தரவு பிறந்து ஆறேழு வருஷம் கழித்து, முத்தையா முதலியார் மந்திரியான பிறகுதான் அது நடைமுறைக்கு வந்தது. 1950-இல் ஐகோர்ட்டு அதைச் செல்லாதென்றது, 1951-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிற்று, கிளர்ச்சி நடந்தது, அதே வருஷம் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இதெல்லாம் வாசற்கதவைத் திறந்த கதை.

அந்தக் கதவுக்கு வருகிற பாதையும் சும்மா வந்ததல்ல. ஒரு காலத்தில் இந்த ஜில்லாவில் தாழ்த்தப்பட்ட மக்களைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். நமது பட்டிவீரன்பட்டி சவுந்தரபாண்டியன் அவர்கள் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக வந்து, ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று உத்தரவு போட்ட பிறகுதான் ஏற்றினார்கள். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவரே. இன்று காலேஜுக்கு இலவச பாஸ் வைத்துக்கொண்டு போகிற பிள்ளை அந்தப் பஸ்ஸில் உட்காருவதற்குப் பின்னால் இப்படி ஒரு உத்தரவு இருக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகத்தில் படிக்கிறான்?

இப்போது கதவு திறந்திருக்கிறது. சர்க்கார் கணக்குப்படி 2021-22-இல் நம் நாட்டில் காலேஜ் வயதுள்ளவர்களில் 100-க்கு 28 பேருக்குச் சற்று மேல் உயர்படிப்பில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 47 பேர். இது நமக்குப் பெருமைதான். நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இது சேர்ந்தவர்களின் கணக்கு. முடித்தவர்களின் கணக்கல்ல. ஒரு படகில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு, எத்தனை பேர் கரைக்குத் திரும்பினார்கள் என்று எழுதாமல் விடுகிற ஒரு துறைமுகத்தை நீங்கள் ஒப்புவீர்களா?

இந்தத் தீவில் பேசுகிறபோது அப்துல் கலாம் அவர்களைச் சொல்லாமல் யாரும் இறங்குவதில்லை. நானும் சொல்கிறேன், ஆனால் வேறு மாதிரியாக. 1931-இல் இங்கே பிறந்தார். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியிலும், திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜிலும் படித்தார். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. வீட்டில் இல்லை. தமக்கையார் தம்முடைய தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இது நான் கட்டிய கதையல்ல, அவரே எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில், அய்ந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஒரு வாத்தியார், புரோகிதர் வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பிள்ளை உட்காரக் கூடாதென்று தம்மைப் பின் பெஞ்சுக்குத் துரத்தினதையும் எழுதியிருக்கிறார். அந்த வாத்தியாரைக் கூப்பிட்டுக் கண்டித்தவர் அந்தப் புரோகிதரே என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இதைக் கேட்டுவிட்டு நமது பெரியவர்கள், "எல்லாம் கடவுள் அருள்" என்கிறார்கள். நான் கேட்கிறேன்: அருள் செய்தது கடவுளா, தமக்கையின் வளையலா? வளையல் இல்லாத தமக்கைகள் இந்தத் தீவில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்கள் தம்பிகள் என்ன ஆனார்கள்? ஒருவரைப் பற்றி ஆயிரம் மேடையில் பேசுகிறோம். அந்த மற்றவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. வளையல் இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை என்கிற நிலைமையை ஒழிப்பதற்குத்தான் சர்க்கார் என்றும் சர்வகலாசாலை என்றும் வைத்திருக்கிறோம்.

இனி, திட்டம் நடத்துகிறவர்களுக்கு என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு நோட்டு வேண்டும். அதில் வந்தவன் பெயரைவிடப் போனவன் பெயர் முக்கியம். எந்த மாதம் போனான், என்ன காரணம், யார் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள் என்று எழுதவேண்டும். "சொந்தக் காரணம்" என்று ஒரு வார்த்தை எழுதி முடிக்கிறார்களே, அதை ஒப்பக்கூடாது. தலைவிதி என்று சோசியர் சொல்வதற்கும், சொந்தக் காரணம் என்று ஆபீசில் எழுதுவதற்கும் நான் வித்தியாசம் காணவில்லை. விசாரிக்காதவன் எழுதும் வார்த்தைதான் இரண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் மேலே சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதற்கு "உயர்வுக்குப் படி" என்று சர்க்கார் ஒரு காரியம் நடத்திற்று. நல்ல காரியம். வாசலுக்கு வெளியே நின்றவனை அப்படித் தேடினால், உள்ளே வந்து நழுவினவனையும் தேடவேண்டாமா? ஒரு பையன் தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் பதினோராம் நாள் ஒருவர் அவன் வீட்டில் இருக்கவேண்டும். கடிதம் போட்டால் போதாது. கடிதத்தைப் படிக்க அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் அவன்தான்!

இரண்டாவது, பணம் கேட்கும் தேதி. இந்தக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது என்பது சட்டம். முன்பு 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்துக்குக் குடும்பத்துக்குக் கொடுக்கும் நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். 8,000-ஐ 61-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 131 ரூபாய். இந்த 61 நாளுக்குள்தான் வருஷக் கடைசிப் பரீட்சை, காலேஜ் விண்ணப்பம், சேருகிற பணம் எல்லாம் வந்து விழுகின்றன. மாதச் சம்பளக்காரன் வீட்டுக்கு மே மாதமும் ஒன்றுதான், ஆகஸ்டு மாதமும் ஒன்றுதான். படகுக்காரன் வீட்டுக்கு அப்படியா? மற்ற மாதங்களிலும் இராமேசுவரம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறது. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் புயல். இவ்வளவுக்கும் மேலே, எல்லை தாண்டினான் என்று தகப்பனை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டால் படகும் இல்லை, ஆளும் இல்லை. (அக்கரையில் வலை கிழிந்து நிற்கிறவனும் தமிழன்தான், அவன் பிள்ளைக்கும் பரீட்சை இருக்கிறது என்பதையும் நமது படகுச் சொந்தக்காரர்கள் ஒரு நிமிஷம் எண்ணிப்பார்க்கவேண்டும்.) ஆகவே இந்தக் கரையிலுள்ள காலேஜுகளாவது, பணம் கட்டும் கடைசித் தேதியைக் கடல் திறக்கிற தேதிக்குப் பின்னால் வைத்தாலென்ன? ஜூன் 15-க்கு முன்பு ஒருவரிடமும் கேட்பதில்லை என்று வைத்தால் வானம் இடிந்து விழுந்துவிடுமா? அபராதம் யாருக்குப் போடுகிறோம்? காற்றுக்கா?

காலத்தை மாணவனுக்குத் தக்கபடி மாற்றுவது நடவாத காரியம் என்று சிலர் சொல்வார்கள். அம்பேத்கர் அவர்கள் 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா காலேஜை ஆரம்பித்தபோது, வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று வகுப்பைக் காலை நேரத்தில் வைத்தார். கோலாப்பூர் சாகு மகராஜா 1902-இல் உத்தியோகத்தில் 100-க்கு 50 இடம் பின்தங்கினவர்களுக்கு என்று உத்தரவு போட்டதை மாத்திரம் நாம் பேசுகிறோம். அதற்கு முந்தின வருஷமே அவர் மாணவர் விடுதி கட்ட ஆரம்பித்துவிட்டார். இடம் கொடுத்தால் மட்டும் போதாது, படுக்க ஒரு பாயும் சாப்பிட ஒரு தட்டும் வேண்டும் என்பது ஒரு ராஜாவுக்குத் தெரிந்திருந்தது. நமது குடியரசில் அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 1964, 1965-ஆம் வருஷங்களில் ஏழைப் பிள்ளைகளைக் காலேஜுக்குத் தயார் செய்து அனுப்ப இரண்டு திட்டங்களைச் சட்டத்தில் வைத்தார்கள். அனுப்பினால் மட்டும் போதாது என்று கண்டு, சேர்ந்த பிறகு கூடவே நின்று உதவுவதற்கு 1968-இல் மூன்றாவது திட்டத்தையும் கொண்டுவந்தார்கள். மூன்றையும் சேர்த்து "ட்ரியோ" என்கிறார்கள். 1980-இல் முதல் தலைமுறை மாணவன் யார் என்று சட்டத்திலேயே வரையறுத்தார்கள். தாய் தகப்பன் இருவருமே பட்டம் வாங்காதவரின் பிள்ளை என்பது அதன் சாரம்.

இதை நம் சங்கதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2010-இல் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்தது. ஜாதி பார்க்காமல், வருமானம் பார்க்காமல், வீட்டில் பட்டதாரி இல்லை என்ற ஒன்றையே பார்த்துக் கொடுத்தது நாட்டுக்கே வழிகாட்டியான காரியம். ஆனால் அது வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணனுக்குக் கிடைத்தால் தங்கைக்கு இல்லை. அந்தத் தாய் தகப்பனுக்கு விண்ணப்பத்தைப் படிக்க அண்ணன் காலத்திலும் தெரியாது, தங்கை காலத்திலும் தெரியாது. அண்ணன் பட்டம் வாங்கிய அன்றைக்கு வீட்டுக்குள் நெல் மூட்டை வந்து இறங்கிவிட்டதா? இன்னும் வேலைகூடக் கிடைத்திராது. வீட்டில் ஒருவருக்குத்தான் என்றால் அந்த ஒருவன் பெரும்பாலும் ஆண்பிள்ளையாக இருப்பான் என்பது நம் வீடுகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த விதியை மாற்றும்படி கேட்க வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பர் 5-இல் ஆரம்பித்த திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரை வைத்தார்கள். பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து நம் இயக்கத்தில் நின்று உழைத்த அம்மையார் அவர். ஆண்பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டு 9-இல் ஆரம்பமாயிற்று. இந்த ஆயிரம் ரூபாய் பெண்ணின் பெயரிலுள்ள கணக்கில் நேரே விழுகிறது என்பதுதான் அதிலுள்ள பெரிய சுயமரியாதை. ஆனால் தாய்மார்களே, அந்தப் பணம் வந்த பிறகும், மாலை பஸ் அரை மணி தாமதித்தால் "வயசுப் பிள்ளை, படிச்சது போதும்" என்கிறவர்கள் நாம்தானே? பஸ்ஸைக் கேள்வி கேட்பதை விட்டுப் பெண்ணைக் கேள்வி கேட்கிறோம். மாலை வகுப்பு முடிகிற மணிக்குத் தக்கபடி பஸ் விடச் சொல்லிக் கேட்க வேண்டியதும் இந்தத் திட்டம் நடத்துகிறவர்களின் வேலைதான். அது போக்குவரத்து இலாகா விஷயம், எங்களுக்கு என்ன என்று தட்டிக்கழிக்கக்கூடாது.

மூன்றாவது பாஷை. தமிழில் படித்து 80, 90 மார்க்கு வாங்கினவனை ஒரே நாளில் இங்கிலீஷுக்குள் தள்ளி, அவன் முழிப்பதைப் பார்த்து "இவனுக்கு மண்டையில் ஒன்றுமில்லை" என்று சொல்வது, நீந்தத் தெரிந்தவனைக் கையைக் கட்டிக் கடலில் போட்டு "இவனுக்கு நீந்தத் தெரியாது" என்பது போன்றது. இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், நன்றாக வேண்டும். முதல் மூன்று மாதம் பாடத்தைத் தமிழில் சொல்லி, இங்கிலீஷ் வார்த்தையைப் பக்கத்தில் வைத்துப் பழக்கவேண்டும் என்கிறேன். கேள்வி கேட்கிற பையனைச் சிரிக்கிற வகுப்பில் எந்தத் திட்டமும் உருப்படாது. சிரிக்கிற முதல் ஆள் வாத்தியாராக இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

நாலாவது, மானம். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் மாணவனுக்குச் சர்க்கார் கொடுக்கும் பணத்துக்கு "உபகாரச் சம்பளம்" என்று பெயர். யாருக்கு யார் செய்கிற உபகாரம்? பாசி எடுக்கிறவளும், வலை இழுக்கிறவனும் வாங்குகிற ஒவ்வொரு தீப்பெட்டியிலும், சோப்பிலும் வரி இருக்கிறது. அந்த வரியில் கட்டின காலேஜில் இத்தனை காலம் அடுத்தவன் பிள்ளை படித்தான். இப்போது தன் பிள்ளை படிக்கிறான். பாக்கி வசூலாகிறது, உபகாரமல்ல. (கைதட்டல்) ஆனால் நடப்பது என்ன? பத்துப் பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, கொடுக்கிறவர் படமெடுத்துக் கொள்கிறார். பிள்ளை தலையைக் குனிந்து கொள்கிறது. வகுப்பிலே, "முதல் பட்டதாரி எல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்கிறார்கள். எழுந்து நின்றவன் அன்றைக்கே மற்றவர்களுக்கு ஒரு படி கீழே போய்விடுகிறான். உதவி கொடுப்பது ஆபீசில், சீட்டில், வங்கிக் கணக்கில் முடியவேண்டிய காரியம். மேடை எதற்கு?

அந்தச் சீட்டு சமாச்சாரமும் லேசானதல்ல. ஜாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. பள்ளிச் சர்டிபிகேட்டில் தகப்பன் பெயரின் முதல் எழுத்து, ஆதாரில் முழுப்பெயர், வங்கியில் இன்னொரு மாதிரி. ஓர் எழுத்து வித்தியாசத்தால் ஒரு வருஷத்துப் பணம் வராமல் நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இ-சேவை மையத்துக்கு நாலு தடவை நடந்தால் நாலு நாள் பாசி போயிற்று. ஆகவே சேர்கிற வாரத்திலேயே காலேஜுக்குள் ஒரு மேசை போட்டு, இவற்றையெல்லாம் ஒத்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்க ஓர் ஆள் உட்காரவேண்டும். அந்த ஆள் இந்தக் கரையிலிருந்து முன்பு படித்துப் போன பையனாகவோ, பெண்ணாகவோ இருந்தால் நல்லது. எந்தத் தெருவில் எந்த வீடு என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சேவை என்று சொல்லி ஏய்க்கக்கூடாது.

பெற்றோர் கூட்டத்தைப் புதன்கிழமை காலை 10 மணிக்கு வைத்துவிட்டு, "இந்த ஜனங்களுக்குப் பிள்ளைகள்மேல் அக்கறையில்லை" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். புதன்கிழமை படகு போகிற நாள் என்பதை நான் சொன்னபோது அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்ல மனிதர். தெரியாமல் செய்தார். தெரிந்துகொள்ளும்படி எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

கடைசியாக, படித்து வெளியேறின தோழர்களுக்கு. உங்களில் சிலர் பட்டம் வாங்கிப் பட்டணம் போனதும், பின்னால் வருகிற பிள்ளைகளைப் பார்த்து, "இப்போதெல்லாம் சலுகையில் யார் யாரோ வந்துவிடுகிறார்கள்" என்று பேசுகிறதாகக் கேள்விப்படுகிறேன். நம் இயக்கக் குடும்பத்துப் பிள்ளைகளே பேசுகிறார்கள். நேற்று நம்மைப் பார்த்து மேல்ஜாதிக்காரன் சொன்ன வார்த்தை இது. பூணூல் மட்டும் இல்லை. (கைதட்டல்) வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காலேஜ் என்றால் என்ன, அரியர் என்றால் என்ன, யாரிடம் போய் என்ன கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை.

முதலில் சொன்ன பையனைப் பற்றிக் கேட்பீர்கள். அவனும் நானுமாகக் காலேஜுக்குப் போனோம். ஆபீசில் விசாரித்ததில் திரும்பச் சேர வழி இருக்கிறதென்றார்கள். ஒரு வருஷம் நஷ்டம். இரண்டு பாடத்தில் ஒன்றை எழுதித் தேறிவிட்டான். இன்னொன்று பாக்கி இருக்கிறது. சனிக்கிழமை படகுக்குப் போய்க்கொண்டேதான் படிக்கிறான். தாயார் இன்னும் சோசியர் சொன்னதை முழுவதும் விட்டபாடில்லை. "பரிகாரம் பலிச்சிருச்சு, அண்ணே" என்கிறார்கள். (சிரிப்பு) நான் சண்டை போடவில்லை. அந்த இன்னொரு பாடமும் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்.

இங்கே கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிற இளைஞர்களில் காலேஜில் சேர்ந்து பாதியில் விட்டவர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மேடைக்கு வர வேண்டாம். கூட்டம் முடிந்ததும் பந்தலுக்குப் பின்னால் மேசை போட்டிருக்கிறார்கள். ஆசிரியத் தோழர்கள் இருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். பெயர், காலேஜ், எந்த வருஷம் விட்டது, எத்தனை பாடம் பாக்கி என்பதைச் சொன்னால் போதும். தம்பி விட்டிருந்தால் அக்காள் வந்து சொல்லலாம். கடைசி பஸ் வரையில் நானும் அங்கேதான் இருக்கிறேன்.